சங்கீதா போட்ட இரண்டு நிறுத்தங்கள்

1. தூங்கும் வகுப்பு

நான் பயந்த சுபாவம். எலக்ட்ரீஷியன் டிரேடு சொல்லிக்கொடுப்பவனுக்கு அது நல்ல குணம்தான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே அந்தப் பயம் இரட்டிப்பானது. போர்டில் ஓம் விதியை எழுதிவிட்டுத் திரும்பினால் பாதி வகுப்பு தூக்கத்தில், மீதி வகுப்பு போனில். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வருகிறவர்கள், உப்பளத்தில் வீட்டாருக்குக் கைகொடுத்துவிட்டு வருகிறவர்கள். தூங்கத்தான் செய்வார்கள். ஆனால் நாளைக்குக் கரண்டில் கை வைக்கப்போகிறவர்களும் இவர்கள்தானே.

திட்டிப் பார்த்தேன், டெஸ்ட் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. உப்பளக்காரர் ராஜவேலுவிடம் போய்க் கெஞ்சி, பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் அவருடைய மோட்டார்களில் பிள்ளைகள் வேலை பழக அனுமதி வாங்கினேன். அங்கேயும் அதே கதை. ஒருவன் ஸ்பேனர் பிடிப்பான், மற்றவர்கள் ரோட்டில் போகும் பாண்டிச்சேரி பஸ்ஸை வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்போதுதான் ஒரு விதி போட்டேன். வேலை நடக்கும்போது யாருக்குச் சந்தேகம் வந்தாலும் “நிறுத்துங்க” என்று சொல்லலாம். சொன்னால் எல்லார் கையும் நிற்க வேண்டும், என் கையும் சேர்த்து. காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் என் உயிரை வாங்கிவிட்டார்கள். டீ குடிக்க நிறுத்தினார்கள். கடலோரக் குப்பத்துப் பையன் மோகன், நான் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். குறை கண்டுபிடிப்பதற்காகவாவது எல்லாக் கண்களும் வேலை செய்கிறவன் கைமேல் இருந்தன. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

2. ஒன்றுமில்லாத நிறுத்தம்

சங்கீதா பக்கத்தில் பிரம்மதேசம் என்ற ஊர்ப் பெண். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஒருநாள் மோட்டார் கனெக்‌ஷனை எல்லாம் முடித்து மூடிவிட்டோம். ராஜவேலு ஸ்டார்ட்டரில் விரல் வைத்தார். “நிறுத்துங்க” என்று ஒரு மெல்லிய குரல். அவள்தான்.

“என்னம்மா?”

“எர்த் கம்பி லூசா இருந்த மாதிரி தெரிஞ்சுது சார்.”

“மாதிரியா?” என்றார் ராஜவேலு. “த்ரீ பேஸ் கரண்டு போவற நேரமாச்சு. பாத்திக்கு இன்னும் தண்ணி ஏறல. மொதல்ல போட்டு உட்டுட்டு அப்புறம் பாக்கலாம் வாத்தியாரே.”

போட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அவர் முகம் சுளித்தால் நாளைக்கு எங்களுக்கு மோட்டார் கிடையாது, மறுபடியும் கரும்பலகைதான். ஆனால் அத்தனை பிள்ளைகளும் மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியைக் கழற்றச் சொன்னேன்.

எர்த் கம்பி கல்லு மாதிரி இறுகியிருந்தது. மற்ற முனைகளையும் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. திரும்ப மூடுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

“ஒரு பொண்ணு பேச்சக் கேட்டுக்கினு என் பொழப்பக் கெடுத்துட்டீங்களே” என்றார் ராஜவேலு. பம்ப் ஆள் ஏழுமலையும் தலையில் அடித்துக்கொண்டார். சங்கீதாவின் முகம் செத்துப்போயிருந்தது.

“அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. என் விதிப்படிதான் அது செஞ்சிது. எதுன்னாலும் என்னைக் கேளுங்க” என்றேன்.

“நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். இதே கூத்துன்னா பசங்கள இட்டாராதீங்க.”

வீட்டுக்குப் போன பிறகும் அதே நினைப்புதான். அனுமதி போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை அந்தப் பெண். இனி நிஜமாகவே தப்பு ஒன்றைக் கண்ணால் பார்த்தாலும் அவள் வாயைத் திறப்பாளா? அவளைப் பார்த்த மற்றவர்கள்தான் திறப்பார்களா? அவர்கள் வாயை மூடிக்கொண்டால் என் விதி வெறும் விளையாட்டாகிவிடும்.

3. மறுநாள்

சங்கீதா வந்தாள். வந்தவள் எல்லாருக்கும் பின்னால், மோட்டார் ஷெட் வாசலோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஏன் அங்கே நிற்கிறாய் என்று கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

அன்று கரண்ட் இல்லாத நேரம். ஷெட்டுக்கு வெளியே பாத்தியோரம் இருந்த இன்னொரு மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து, கம்பி முனைகளில் அரித்துப்போன லக்குகளை மோகன் மாற்றிக்கொண்டிருந்தான். கரண்ட் வந்தாலும் மோட்டாருக்குப் போகாமலிருக்க மெயினிலிருந்து கழற்றிய பியூஸ் கேரியர்களை ஷெட்டில் மெயின் பெட்டியின் மேல் வைத்திருந்தோம். நான் மோகன் பக்கத்தில் குனிந்திருந்தேன், ராஜவேலு நேற்றைய நஷ்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்து ஷெட்டில் பல்பு எரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. கரண்ட் வந்தால் ஓடிப்போய் மோட்டார் போடுவது ஏழுமலைக்குக் கைப்பழக்கம், அதுவும் முந்தின நாள் பாத்தி காய்ந்த கவலை வேறு. பியூஸைக் கழற்றி வைத்திருக்கிறார்களே என்று எடுத்து மாட்டப்போயிருக்கிறார்.

“நிறுத்துங்க.”

சங்கீதாதான், ஆனால் முந்தின நாள் கேட்ட குரலே இல்லை இது. தொண்டை கிழிகிற கத்தல். மோகன் கையை வெளியே இழுத்துக்கொண்டான். நான் ஷெட்டுக்கு ஓடினேன். ஏழுமலை ஒரு கேரியரை மாட்டிவிட்டு, அடுத்ததைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மோகன் கைவைத்திருந்த மோட்டாருக்குப் போகும் ஒயரில் விளக்கு எரிந்தது.

மோகன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஏழுமலை, “எனக்குத் தெரியாதுப்பா, தெரியாதுப்பா” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ராஜவேலு போய் மெயினை அணைத்தார். இப்போதெல்லாம் கழற்றிய கேரியர்கள் வேலை முடியும்வரை என் பாக்கெட்டில்தான் இருக்கும்.

நிலையத்துக்குத் திரும்ப வேனில் ஏறும்போது சங்கீதாவிடம் கேட்டேன். “நேத்து அவ்ளோ பேச்சு வாங்கினியே, இன்னிக்குக் கத்த பயமா இல்லியா?”

“பயமாத்தான் சார் இருந்துச்சு. கரண்டு வந்துதா, அவரு என்னாத்த மாட்றாருன்னுகூட சரியாத் தெரியல.” கொஞ்சம் யோசித்தாள். “தப்பா இருந்தா நீங்க பாத்துக்குவீங்கன்னு கத்திட்டேன் சார்.”

பிள்ளைகளை எப்படி விழிப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நிறுத்தும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள் என்கிறேன். கொடுப்பது சுலபம். பிள்ளை ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்கும்போது, உங்களுக்கே பயமாக இருந்தாலும் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். மோகன் இன்றைக்கு இரண்டு கையாலும் சம்பாதிக்கிறான்.