பம்பாய்–17 போட்ட விசிட்டிங் கார்டு

எழுத்தாளர் என்று போட்டு நான் அடித்த முதல் கார்டால் ஒருவர் பல் குத்தினார்.

மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. எண்பதுகளின் நடுவில். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்த செயலாளரிடம் கார்டை நீட்டினேன். வாங்கினார், எட்டப் பிடித்துப் படித்தார், "ஓ, ரைட்டரா? சந்தோஷம்" என்றார். அடுத்து வந்தவரோடு பேச்சு ஆரம்பித்தது. பேசிக்கொண்டே கார்டின் மூலையைக் கூராக மடித்துக் கடைவாய்க்குள் விட்டார். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் கார்டை எச்சில் இலைக் கூடையில் போட்டுவிட்டு, "வரட்டுமாம்மா?" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பிரஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கவுண்டரில் இருந்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, லெட்டர் ஹெட், பில் புக், விசிட்டிங் கார்டு என்று ஆர்டர் எடுப்பதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. கூடவே கதைகளும் எழுதினேன். இப்போது எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பதிப்பாளரை எப்படிப் பார்ப்பது, பார்த்தால் என்ன பேசுவது? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன், அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

1. வேஸ்ட் அட்டையில் ஒரு பெயர்

பதினான்கு கதைகள் கையில் இருந்தன. மெட்ராஸ் பதிப்பகங்களுக்குத் தபாலில் அனுப்பியவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அப்போது என் எதிரே தினமும் நடந்துகொண்டிருந்த ஒரு விஷயம் உறைத்தது. பெல்ட் விற்பவரும் பை தைப்பவரும் கார்டு அடித்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்ப் பார்க்கிறார்கள். நான் மட்டும் ஏன் தபால்பெட்டியையே நம்பிக்கொண்டிருக்க வேண்டும்?

கட்டிங் மெஷினில் விழும் ஐவரி போர்டு அட்டைத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முதலாளி சுந்தரம் சாரிடம் அனுமதி கேட்டேன். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார்.

"ஏம்மா ஆமினா, புஸ்தகம் ஒண்ணும் வரலையே. அதுக்குள்ள ரைட்டர்னு போட்டுக்கறியே?"

"கல்யாணப் பத்திரிகையைக் கல்யாணத்துக்கு முன்னாடிதானே சார் அடிக்கிறோம்?"

சிரித்துவிட்டார். பிறகு என் தாளில் இருந்த விலாசத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது வேண்டாம். தாராவின்னு பார்த்தா எவனும் ரெண்டாந்தரம் பார்க்க மாட்டான். நம்ம பிரஸ் அட்ரஸையே போட்டுக்கோ. கேர் ஆஃப்னு போடு."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அதே கவுண்டரில் உட்கார்ந்து அதே யோசனையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் பாய்மாரும் அண்ணாச்சிமாரும் கார்டு அடிக்க வந்தால், ஊர் பெயரை மட்டும் விட்டுவிடுவார்கள். "சயன் ஸ்டேஷன் பக்கம்" என்று போடுவார்கள். "மாஹிம் கிழக்கு" என்று போடுவார்கள். தெற்கே கோட்டைப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளிலிருந்து வரும் பார்ட்டி தாராவி என்று படித்தால் டாக்ஸியைத் திருப்பிவிடுவான் என்று பயம். அப்படிப் போடத் தெரியாமல் யாராவது வந்தால், "அண்ணாச்சி, சயன்னு போட்டுக்கலாமா?" என்று நானே எடுத்துக் கொடுப்பேன். கவுண்டரில் அது ஒரு வாடிக்கையாகவே ஆகிவிட்டது.

அதனால் என் கார்டிலும் மாதுங்கா ஏறியது, அதன் தபால் எண்ணோடு, பம்பாய்–19. அதிலும் ஒரு படி மேலே போனேன். "கேர் ஆஃப்" என்றும் பிரஸ் பெயரும் இருந்தால் யாரோ வீட்டில் ஒண்டியிருப்பவள் மாதிரித் தெரிகிறது என்று இரண்டையும் எடுத்துவிட்டேன். கட்டடத்தின் பெயர், தெரு, கிங்ஸ் சர்க்கிள். பார்த்தால் அங்கேயே மூன்றாம் தலைமுறையாகக் குடியிருப்பவள் மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வாப்பாவிடம் காட்டினேன். தோல்பை தைக்கிற மனிதர், தமிழ் நன்றாகப் படிப்பார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு வீடுளா?"

"பிரஸ் வாப்பா. அதுதான் நல்லாருக்கும்ன்னு."

"அப்ப நம்ம வீடு? நாம என்ன களவாண்டுட்டா வந்து குடியிருக்கோம்?"

உங்களுக்கு வியாபாரம் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

2. கார்டின் முதுகு

பல் குத்திய விழாவில் நாற்பது கார்டு கொடுத்தேன். கட்சி நோட்டீஸ் விநியோகம் மாதிரி, வந்தவர் போனவர் எல்லாருக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்போது வாசல்படியில் சிதறிக் கிடந்த என் பெயரை நானே மிதித்துக்கொண்டு வந்தேன். அன்று படித்தவை: சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடமும் சாப்பிட்டு முடித்தவரிடமும் கொடுக்காதே. கூட்டமாக நிற்பவர்களிடம் கொடுக்காதே. உன்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டவரிடம் மட்டும் கொடு.

ஆனால் கேள்வி கேட்க வைப்பது எப்படி? மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்து மீதிக் கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் மொத்தமும் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. எழுத்துக் கோக்கும் கம்போஸிட்டரிடம் சொல்லி, டிரெடில் அச்சு மெஷினில் மறுபடி ஏற்றி, பின்பக்கம் என் கதை ஒன்றின் தொடக்கத்தை அடித்தேன்:

"மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலாவது நாள் சகீனா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

சில மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு பதிப்பாளர் புத்தகக் கண்காட்சிக்காக வந்தார். சனிக்கிழமை மாலை அதே சங்கத்தில் அவருக்குக் கூட்டம். எல்லாரும் சால்வையோடு மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. கூட்டம் கலைந்து அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நான் கதை எழுதறேன்."

இந்த வாக்கியத்தை அன்று மட்டும் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். முகம் அப்படித்தான் இருந்தது. கார்டை வாங்கி முன்பக்கம் பார்த்தார், சட்டைப்பையில் போடப்போனார். பின்பக்கம் எழுத்து தெரியவே திருப்பினார். படித்தார்.

"போயி?"

"கதையில இருக்கு சார்."

"இப்பச் சொல்லேன்மா."

"சொன்னா படிக்க மாட்டீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி, மெட்ராஸ் போய் எழுதறேன்" என்றார். கார்டு சட்டைப்பைக்குள் போனது.

3. ஞாயிற்றுக்கிழமை தேடி வந்தவர்

மறுநாள் பிரஸ் விடுமுறை. மதியம் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பூக்கார மாரியம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்கள் பிரஸ் வாசலில்தான் காலையில் பூ விற்பாள், வீடு எங்கள் சந்துக்கு அடுத்த சந்து.

"ஏட்டி, நீயி எழுத்தாளராமே! மெய்யாவா?"

கையில் என் கார்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலைல கண்ணாடி போட்ட ஒரு ஐயா வந்தாவ. எழுத்தாளர் ஆமினா பேகம் வீடு எதுன்னு கேட்டாவ. நான் எவளோ பெரிய அம்மாவைத் தேடுதாவன்னுல்லா நெனச்சேன்? இந்தக் கட்டடத்துல அப்படி ஆருமே இல்லன்னுட்டேன். மாடி வீட்டு அம்மாவும் இல்லன்னுட்டாவ. வெறுப்பா இந்த அட்டைய என் கூடையில போட்டுட்டு, மத்தியானம் தாதர்ல மெட்ராஸ் வண்டி பிடிக்கணும்னு போயிட்டாவ. டீக்கடையில குடுத்துப் படிக்கச் சொன்னா, இது நம்ம பிரஸ்காரப் புள்ள பேருல்லாங்காவ!"

மாரியம்மாளுக்கு நான் எப்போதும் பிரஸ்காரப் புள்ளதான். அவள் மேல் என்ன தப்பு? பூட்டிய ஷட்டருக்கு மேலே ஒரு வீட்டை அடித்துக் கொடுத்தவள் நான். ஊருக்குப் போய் எழுதும்வரை பொறுக்காமல், என் கதையைக் கேட்டு ஒரு மனிதர் படியேறி வந்திருக்கிறார், அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று இறங்கிப் போயிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, என் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

கதைகளை எடுத்து ஒரு துணிப்பையில் திணித்தேன். "நானும் வாரேன், இல்லன்னு சொன்னது நான்தானே" என்று மாரியம்மாளும் கிளம்பிவிட்டாள். சயனில் லோக்கல் பிடித்துத் தாதரில் இறங்கினோம். மெட்ராஸ் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓடினோம். ஏழாவதோ எட்டாவதோ, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்த எழுத்தாளர் இவதான்!" என்று எனக்கு முன்னால் மாரியம்மாள் கத்தினாள். "நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன்!"

அவர் என்னைப் பார்த்தார். கோபம்தான்.

"ஏம்மா, பொய் விலாசம் கொடுக்கலாமா? ஒரு மணி நேரம் அந்தத் தெருவையே சுத்தினேன்."

"அது நான் வேலை பார்க்கிற பிரஸ் சார். வீடு தாராவி."

"அதைப் போட வேண்டியதுதானே?"

மன்னிப்புக் கேட்கத்தான் ஓடி வந்தேன். வாயில் வந்தது வேறு.

"போட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்களா சார்?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலம்மா" என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

கார்டை மாரியம்மாள் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் கம்பியில் வைத்து, கிங்ஸ் சர்க்கிள் விலாசத்தைக் கோடு போட்டு அடித்தேன். எங்கள் சால் என்கிற வரிசை வீடுகளின் பெயர், சந்து, தாராவி, பம்பாய்–17 என்று பேனாவால் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கதைக் கட்டின் மேல் அதை வைத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"இதுதான் சார் விலாசம். சகீனா வீட்டுக் குழாயும் அங்கதான் இருக்கு. வேணும்னா வாங்கிக்குங்க, வேண்டாம்னா இப்பவே திருப்பிக் குடுங்க."

வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. "ஏட்டி, இப்படியா பேசுவ பெரிய மனுசன்கிட்ட?" என்று மாரியம்மாள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

திங்கட்கிழமை மீதி இருந்த பம்பாய்–19 கார்டுகளை எல்லாம் கட்டிங் மெஷினில் நானே வெட்டிப் போட்டேன். புதிதாக நூறு அடித்தேன். சுந்தரம் சார் புரூஃபைப் பார்த்துவிட்டு, "பிடிவாதம்" என்றார். ஆமாம் சார் என்றேன்.

4. ஒரு வரித் திருத்தம்

நாலு மாதம் கழித்து எங்கள் சந்துக்கே கடிதம் வந்தது. புத்தகம் போடுகிறேன் என்று பதிப்பாளர் எழுதியிருந்தார். அப்புறம் புரூஃப் வந்தது. அதில் கடைசிப் பக்கம், ஆசிரியர் குறிப்பு: "பம்பாயில் வசிக்கிறார்."

புரூஃப் பார்ப்பது என் தொழில். பம்பாய்க்கு முன்னால் செருகல் குறி போட்டு "தாராவி" என்று எழுதி, முழு விலாசத்தையும் ஓரத்தில் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது. பம்பாய் என்பதே உண்மைதானே, புதிய எழுத்தாளர், கடைக்காரர்களும் நூலகங்களும் எப்படி எடுத்துக்கொள்வார்களோ, யோசியுங்கள் என்று தன்மையாகத்தான் எழுதியிருந்தார்.

யோசித்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் புத்தகம் நிச்சயம். எத்தனை வருட ஆசை அது என்று எனக்குத்தான் தெரியும். கவுண்டரில் என் எதிரே உட்கார்ந்து "சயன்னே போட்டுரும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்றாம் நாள் எழுதினேன்: "அந்த வரி இல்லாமல் புத்தகம் வேண்டாம். கதைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்."

அனுப்பிய பிறகு ஏன் அனுப்பினோம் என்று தினமும் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம். மூன்றாவது மாதம் ஒரு பார்சல் வந்தது. கதைக் கட்டுதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வாப்பாதான் தோல் வெட்டும் கத்தியால் சணலை அறுத்தார்.

பத்துப் பிரதிகள். வாப்பா ஒன்றை எடுத்தார். அட்டையைப் பார்க்கவில்லை, என் பெயரைப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விலாசத்தை வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி படித்தார். கடைசியில் "பம்பாய் பதினேழு" என்று நிறுத்தினார்.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கிற பாடம் இதுதான். கார்டு அடியுங்கள், வெட்கப்படாதீர்கள். புத்தகம் வருவதற்கு முன்பே எழுத்தாளர் என்று போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதில் போட்டிருக்கும் வாசலில் வந்து ஒருவர் கதவைத் தட்டினால், திறக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும்.