பக்கத்து புளோக்கில் அழுத அழுகை

ஜூரோங் தொழிற்சாலையில் இருபது வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் திடீரென்று இறந்துபோனார். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பசி. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னையே திட்டிக்கொண்டு தெம்பனிஸுக்கு ரயில் ஏறினேன். அவர் வீட்டுக்கு அதற்குமுன் ஒருமுறைகூடப் போனதில்லை.

அந்த வட்டாரத்தில் எல்லா அடுக்குமாடி புளோக்கும் ஒரே அச்சு. ஒன்றின் கீழ்த்தளத்தில் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டு, தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நம் முகங்கள். புளோக் எண்ணைப் பார்க்காமல் நுழைந்துவிட்டேன். ஒரு பெண் என் கையைப் பிடித்து, "வந்துட்டீங்களா? காலையிலகூட நல்லா சாப்பிட்டுட்டுத்தான் படுத்தாங்க," என்றாள். அவ்வளவுதான். தேம்பித் தேம்பி அழுதேன். சவப்பெட்டியருகே போய்க் குனிந்தால், உள்ளே முன்பின் பார்த்திராத ஒரு வயதான அம்மாள்!

அப்போதாவது அழுகை நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. அந்த அம்மாளின் மகன் தண்ணீர் கொடுத்து என் முதுகைத் தடவிவிட்டார். பெற்ற பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்லவேளை, துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். அதுதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

நண்பரின் புளோக் இரண்டு தள்ளி இருந்தது. அங்கே அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த மனுஷருக்கு உண்டான அழுகையைத்தான் அங்கே கொட்டிவிட்டு வந்தேனா, இல்லை, இவருக்கென்று என்னிடம் எதுவுமே இல்லையா? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் கண்களையே பார்த்தார்.

"வழியிலேயே அழுதுட்டீங்களாண்ணே? எனக்கு இன்னும் வரலை. காலையிலருந்து எல்லாரும் என் முகத்தையே செக் பண்றாங்க. பாசம் இல்லாமலா அவரோட இவ்வளவு வருஷம் இருந்தேன்?"

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்த புளோக்ண்ணே?" என்று கேட்டார்.

கேலியா, நிஜமா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.