வெள்ளை வாளியில் உமி

உமியை அடுப்பில் போடலாம், செங்கல் சூளைக்கு அனுப்பலாம். அதை வைத்து எம்.எஸ்சி. முடிக்க முடியாது என்று எங்கள் வேதியியல் துறையில் சொன்னார்கள். முடிப்பது என்று நான் இருந்தேன்.

அம்மா ஒரத்தநாட்டுப் பக்கம் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருக்கும் உமியைப் பார்த்து வளர்ந்தவள். தண்ணீரில் கலந்த காரீயத்தை எதைக்கொண்டு நீக்கப்போகிறாய் என்று தஞ்சாவூர்க் கல்லூரியில் கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உமியைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, உலர்த்தி, சூடேற்றினால் அமிலம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அந்த உமி தண்ணீரிலுள்ள உலோகத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படித்தது அப்படி.

என் உமி பிடிக்கவில்லை. காரீயக் கரைசலில் போட்டுக் கலக்கிப் பார்த்தால், எதுவும் செய்யாத சாதாரண உமியே அதைவிட மேல்.

"உமி மேடம், இன்னைக்கு எத்தனை மூட்டை?" என்று கூடப் படிப்பவர்கள் கேட்டார்கள். என் ஆய்வுக்கு வழிகாட்டும் சார் வேறு மாதிரி பேசினார்.

"ஏம்மா, திங்கக்கிழமைக்குள்ள தலைப்ப மாத்திடு. முன்னாடி படிச்ச பையனோட சோதனை அளவெல்லாம் எங்கிட்ட இருக்கு. கொஞ்சம் மாத்தி எழுதிக்க. உன் நிலைமைக்கு டிகிரி வந்தா போதும்ல?"

என் நிலைமை. அந்தச் சொல்லைப் பேருந்தில் வீடு வரை சுமந்து வந்தேன்.

சூடேற்றிய உமியை நன்றாக அலச வேண்டும். துறையில் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு எப்போதும் அடிதடி. அதனால் நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி களைவது போல போர் தண்ணீரிலேயே பலமுறை களைந்து எடுப்பது வழக்கம். அன்றும் இரண்டு வெள்ளை வாளிகளைத் தேய்த்துக் கழுவி, ஒன்றில் போர் தண்ணீர் விட்டு உமியை ஊறப்போட்டேன். பக்கத்தில் இன்னொன்றில் குளிக்க அதே தண்ணீரைப் பிடித்து வைத்தேன்.

காலையில் குளிக்கிற வாளியின் அடியில் வழக்கம்போலச் செங்காவி படிந்திருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். வேட்டி, வாளி, குழாயடி எல்லாமே சிவந்துதான் இருக்கும். உமி வாளியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"என்னடி வாளிய அப்படிப் பாக்குற? ஓட்டையா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. என் உமி வேலை செய்யுது."

காரீயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, எங்கள் ஊர் இரும்பை அது வயிறுமுட்டத் தின்றுவிட்டிருந்தது. பிறகு காரீயத்துக்கு இடம் ஏது?

திங்கட்கிழமை இரண்டு வாளிகளோடும் பேருந்தில் ஏறினேன். "என்னம்மா, காலேஜுல தண்ணி வரலையா?" என்றார் நடத்துநர்.

"தண்ணியப் பத்திதாண்ணே படிக்கிறேன்."

வாளிகளைச் சார் மேசை மேலேயே வைத்து, உமி ஊறியது எது, ஊறாதது எது என்று சொன்னேன். அவர் உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஒரு விரல் சிவந்தது, இன்னொன்று சிவக்கவில்லை.

"சரி. வடிச்ச தண்ணில அலசிப் பாரு. அப்பவும் பிடிக்கலைன்னா?"

"பிடிக்கலைன்னு எழுதுவேன் சார். யாரோட அளவையும் எழுத மாட்டேன்."

அவர் சிவந்த விரலைத் துடைத்துக்கொண்டார். தலைப்பு மாறவில்லை.

வடித்த தண்ணீருக்கு நானும் முட்டி மோதி நின்றேன். அந்த வாரக் கடைசியில், அதில் அலசிய உமியைக் கரைசலில் போட்டுச் சோதித்தபோது கருவியில் காரீயத்தின் அளவு சரசரவென்று கீழே இறங்கியது. "என்ன உமி மேடம்?" என்று யாரோ பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமா, உமி மேடம்தான். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றேன்.