நூறு மடங்கும் நானூறு மடங்கும்

தியெப்புக்கு சாவ் பாஞ் தர வேண்டிய கடன் நான்கு கோடி டாங். நுண்ணோக்கி வாங்குவதற்காகச் சீட்டு எழுதாமல் அவள் கொடுத்த பணம். மூன்று வருடமாகத் திருப்பவில்லை.

பாஞ் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கா மாவ் கடலோரத்து இறால் குளங்களில் சேறு வாரியே ஆளானவர். சும்மா சொல்லவில்லை, பட்டம் படித்தவன் நகரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் இவர் நோயைச் சொல்லி முடித்திருப்பார்.

"முதல்ல செல்லு போவும், அப்புறம் திசு, அப்புறம் ஈரல். கடைசியிலதான் இறாலு சாவும். செத்ததை நீங்க பாக்குறீங்க, சாகப்போறதை நான் பாக்குறேன்!" என்பார் அவர்களிடம்.

நூறு மடங்கில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம் 1800 மைக்ரான், நானூறு மடங்கில் 450. குறுக்கே எத்தனை உயிர் அடங்குகிறது என்று எண்ணி, அந்த எண்ணால் அகலத்தை வகுத்தால் ஒன்றின் அளவு. எல்லாம் மனக்கணக்கு. தாளில் எழுதுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

தேத் புத்தாண்டுக்கு முன்பு தியெப் போத்தலில் குளத்துத் தண்ணீரோடு வந்தாள். புருஷன் இல்லை. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. மிஞ்சியது அந்த ஒரு குளம்.

"அண்ணே, இறாலு தீனி எடுக்கல. இப்பவே பிடிச்சு வித்துரவா? பாதி விலையாவது தேறும்."

பாஞ் லென்ஸைத் திருப்பி எண்ணினார். குறுக்கே இருபத்திரண்டு.

"எண்பது மைக்ரான். வெறும் பாசி. இருபதா இருந்தாத்தான் ஈரலைத் தின்ற கிருமி."

"தாள்ல ஒரு தடவ போட்டுப் பாருங்கண்ணே."

"எனக்கே கணக்கா? போய்த் தீனி போடு தங்கச்சி."

ஆறாம் நாள் குளத்தடியில் இறால் செத்துக் குவிந்து நாறியது. பாஞ் நுண்ணோக்கியிடம் போனார். லென்ஸ் நானூறில் நின்றது. அவர் வகுத்ததோ 1800-ஐ. முதன்முறையாகத் தாளில் போட்டார்: 450-ஐ இருபத்திரண்டால் வகுத்தால் இருபது.

மூடி மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் போய்ச் சொன்னார்.

"விதின்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள் தியெப். "அதையும் பிடுங்கிட்டீங்க."

வங்கிக்காரர்கள் வீட்டைப் பூட்டினார்கள். அவள் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிய காலையில், நுண்ணோக்கியையும் படகையும் விற்ற பணத்தோடு பாஞ் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். ஐந்து லட்சம் டாங் நோட்டுகள் எண்பது. மனசுக்குள்ளேயே எண்ணிக் கொடுத்தார்.

அவள் கட்டைத் திருப்பி நீட்டினாள்.

"வாய்விட்டு எண்ணுங்க. உங்க மனக்கணக்கு வேணாம்."

விரித்த அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்க, எண்பது வரை எண்ணினார்.