மார்கழியில் தங்க ஒரு கடலோர ஊர்

மார்கழி மாதத்தில் கடற்கரைக்குப் போகிறோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆடி அமாவாசைக்குப் போவார்கள், தை அமாவாசைக்குப் போவார்கள். இல்லாவிட்டால் அஸ்தி கரைக்கப் போவார்கள். சும்மா போய் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் ஒன்று பணம் கொழுத்தவன், அல்லது மூளை பிசகியவன். நான் இரண்டும் இல்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பருத்தி வியாபாரம் செய்கிறவன். பதினைந்து வருஷம் பஞ்சுத் தூசியை முழுங்கியதில் இருமல் பிடித்துக்கொண்டது. சேலத்து டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கடல்காற்று வாங்கி வரச் சொன்னார். மார்கழியில் எங்கள் வியாபாரம் தூங்கும். கடலோர ஊர்களிலும் கூட்டமிராது, வாடகையும் மலிவு. அதனால் போன மார்கழி பிறந்ததும் புறப்படுவது, பொங்கலுக்குத் திரும்புவது என்று தீர்மானித்தேன்.

என் மனைவியால் மாடு கன்றை விட்டு வர முடியாது. சமைத்துப் போடக் கூட வந்தவள் என் தங்கை பாவாயி. அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, ஆறு வருஷத்துக்கு முன் கிணறு வற்றிப்போன கோடையில் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். முதல் இரண்டு வருஷம் திரும்பி வந்தவர்கள் மூலம் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் வீட்டைப் பூட்டிவிட்டு இவள் எங்களோடு வந்துவிட்டாள். யாராவது அவர் பேச்சை எடுத்தால், "வர மனசிருந்தா வந்திருப்பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எந்த ஊர் என்பதுதான் கேள்வி. சேலத்துக் கடைவீதியில் நாலு பேரை விசாரித்ததில் மூன்று பெயர் மிஞ்சின: கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். நல்ல தண்ணீர், தடையில்லாத காற்று, பக்கத்தில் கருவாடு காயாத ஒரு வீடு, இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவாயி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இதுல எந்த ஊருங்ண்ணா அவருக்குக் கிட்ட?"

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆறு வருஷத்தில் அவளாக அவரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாம் ஒண்ணுதான் அம்மிணி" என்றேன்.

"ராத்திரியில அந்தப் பக்கத்து வெளக்குத் தெரியுமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் பள்ளிபாளையத்துக் காவேரி. எத்தனை வெள்ளம் போனாலும் எதிரே ஈரோட்டு வீடுகள் தெரியும். கடல் என்பது நாலைந்து காவேரி அகலம் இருக்கும் என்று அவள் கணக்கு. "போய்ப் பாத்துக்க" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு மோட்டார் பஸ், இருபத்தெட்டு மைல், தலைக்கு முக்கால் ரூபாய். ரோட்டுப் புழுதிக்கு மூக்கைக் கட்டிக்கொள்ளத் துணி அவசியம். சேலம் டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் வண்டி ஏறினால் கடலூருக்கு நூற்றிருபது மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டரை ரூபாய். மார்கழியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அயோத்தியாப்பட்டணத்தில் ஓர் அம்மாள் ஏறி எதிரே உட்கார்ந்தார். கடலுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கும்மா காரியம்?" என்றார். பாவாயி முகம் கறுத்துவிட்டது. "காரியம் ஒண்ணுமில்லீங்க. எங்கண்ணனுக்கு இருமலுங்க" என்றாள். நான் சமயம் பார்த்து இருமியும் காட்டினேன். அந்த அம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆத்தூரில் இறங்குகிறவரை பாவாயியின் கழுத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடலூரில் ஒரு ஜட்கா வண்டி பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். எட்டணா கேட்டான், ஆறணாவுக்கு வந்தான். மணல் மேட்டில் ஏறினதும் பாவாயி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். பிறகு இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அலையை அவள் பார்க்கவேயில்லை.

"அந்தக் கரை எங்கீங்ண்ணா?"

"தெரியாது சாமி. கப்பல்லயே ஒரு வாரம் போகோணும்."

"பகலும் ராவுமாங்களா?"

"பகலும் ராவும்தான்."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "இத்தனை தண்ணியா! தெரியாமெ ஆறு வருஷமா அவரெத் திட்டீட்டே இருந்தனுங்களே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஜட்காக்காரன் வந்து இன்னும் இரண்டணா கொடுத்தால்தான் காத்திருப்பேன் என்றான். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

கடலூரில் நாங்கள் தங்கவில்லை. குற்றம் ஊர்மேல் இல்லை. சத்திரத்தில் எங்கு திரும்பினாலும் நிலக்கடலை மூட்டையும் விலைப் பேச்சும். அங்கே ஒரு மாதம் இருந்தால் நான் வியாபாரம் தொடங்கிவிடுவேன், இருமல் அப்படியே இருக்கும். அடுத்து எங்கே போகலாம் என்று பாவாயியைக் கேட்டேன். "எந்த ஊருன்னாலும் செரிங்" என்றாள்.

மாயவரம் போய், அங்கிருந்து கிளை ரெயிலில் பதினெட்டு மைல் வந்து தரங்கம்பாடியில் இறங்கினோம். இந்த ஊரைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிறேன். பழைய கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் ஓட்டு வீடு, மாதம் எட்டு ரூபாய், கிணற்றில் நல்ல தண்ணீர். காய்கறிதான் கொஞ்சம் பஞ்சம். எங்கள் பக்கத்துத் தக்காளியை நினைத்து ஏங்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்திலேயே எனக்கு இருமல் பாதியாகிவிட்டது. பாவாயி காலையில் சமைத்து வைத்துவிட்டு அலையோரம் போய் உட்காருவாள், பொழுது சாய்கிறபோது ஒருமுறை போய் உட்காருவாள். வீட்டுக்கார அம்மாள், நல்ல நாள் இல்லாமல் கடலைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். அதனால் பாவாயி கால்கூட நனைக்காமல் பார்த்துக்கொண்டேயிருப்பாள். அவருக்கு மீசை ஒரு பக்கம் ஏறி நிற்கும், முள்ளங்கி என்றால் ஆகாது என்றெல்லாம் அந்த நாட்களில்தான் சொன்னாள். ஆறு வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ.

நாகப்பட்டினத்துக்கு மலாய் நாட்டிலிருந்து பினாங்குக் கப்பல் வருகிறது என்று பஸ்காரர் ஒருவர் சொன்னபோது, அவள் கேட்காமலே நான் இரண்டு இடம் பிடித்தேன். இருபது மைல்தான். நடுவில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் சீமையானதால், நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்கத்தார் மூட்டையைக் கிளறுவார்கள். புதுத் துணி எடுத்துப்போகாதீர்கள்.

கப்பல் கரைக்கு வருவதில்லை. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. படகில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறு பிள்ளையாக இருந்தபோது திருவிழாவில் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். படகு படகாக வந்தார்கள். எலும்பும் தோலுமாகச் சிலர், தொப்பி வைத்துக்கொண்டு சிலர். ஒவ்வொரு முகத்தையும் அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். மீசை ஏறினவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் மாப்பிள்ளை வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஓர் ஆள் மட்டும் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். நாங்களும் சேலம் ஜில்லா என்றதும் பேச்சுக் கொடுத்தான். மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்டோம். தெரியாது, அங்கே தோட்டம் ஆயிரம் இருக்கிறது என்றான்.

"ரெயிலுக்குப் போகலையா?" என்றேன்.

"போவணும். எட்டு வருஷமாச்சுங்க, ஒரு சேதி அனுப்பல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? வீடு தொறந்து கெடந்தா நுழைஞ்சிடுவேன். பூட்டிக் கெடந்தா யார்கிட்டப் போய்க் கேக்கறது? இப்படியே திரும்பிடுவேன்."

பாவாயி நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அவனிடம் கொடுத்தாள். "தொறந்துதான் இருக்கும். போங்க" என்றாள். அவன் சாப்பிட்டு முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போகிறவரை அங்கேயே நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறினதும், "ஊருக்குப் போலாமுங்ண்ணா" என்றாள்.

பொங்கல்வரை வாடகை கொடுத்தாயிற்றே, இருமல் இன்னும் பாதி இருக்கிறதே என்றேன்.

"அவரு ஊடு பூட்டிக் கெடக்குதுங்க. வந்தார்னா உங்க ஊட்டுக்கு அரை மைல் வரோணும். இத்தனை தண்ணி தாண்டி வாரவரெ, இன்னும் அரை மைல் தேட உடலாமுங்களா?"

மறுநாளே மூட்டை கட்டினோம்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. அமைதியும் காற்றும் வேண்டுமானால் தரங்கம்பாடி. கையில் வேலையை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கடலூர். நாகப்பட்டினத்தில் நான் ஒருநாள்தான் இருந்தேன், அந்த ஒருநாளும் ஊரைப் பார்க்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாடகையை வாரக் கணக்கில் பேசுங்கள். கம்பளி ஒன்று போதும். கூட வருகிறவர்கள் எதை நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாவாயி அந்த வீட்டைத் திறந்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்துக் குடியேறிவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. மீதி இருமலுக்கு இந்த மார்கழியும் போய்வரச் சொல்கிறார் டாக்டர். தரங்கம்பாடியில் அதே வீட்டைப் பேசிவிட்டு அவளைக் கூப்பிடப் போனேன். வாசற்கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. கடல் என்றதும் அவள் முகத்தில் ஆசை வந்ததைப் பார்த்தேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டாள்.

"நானெப்படீங்ண்ணா வாரது? ஊடு பூட்டிக் கெடக்குமுங்களே."