சூடு தெரியாத கை

விண்வெளியில் மிதக்கும் வாயு மேகங்களின் சூட்டை அளப்பது என் வேலை. கோலாலம்பூரில் சொன்னால் தலையாட்டுவார்கள். மலைமேல் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில், "அளந்துட்டு என்னா செய்வீங்க?" என்பார்கள்.

நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு காலை, தேயிலைக்கு மருந்தடிக்கும் என் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இருமியபடி என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"என்னாடா இது, பல்லி ஏறி எறங்குன மாதிரி?"

"அமோனியா கோடுண்ணே. மேகத்துல இருக்கிற அமோனியா இப்படி ரெண்டு மூணு கோடு காட்டும். எது எவ்வளவு ஒசரம்னு ஒப்பிட்டா மேகத்தோட சூடு தெரிஞ்சிடும்."

"நம்ம உரக் கொட்டகை நாத்தம் அங்கயும் போயிடுச்சா? சரி, தொடாமயே சூடு பாக்குற ஆளு, என்னையத் தொட்டுப் பாரு லா."

காலைக் குளிருக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சூடான தேத்தண்ணீர் மங்குக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் உட்கார்வோம். அண்ணி கோப்பையை வைத்துவிட்டு அண்ணன் நெற்றியைத் தொட்டார். "காய்ச்சல் இல்ல." பக்கத்து வீட்டு அக்கா தன் கோப்பையோடு வந்து தொட்டார். "ஒண்ணுமில்ல." கடைசியில் நிபுணர், நான். கோப்பையை வைத்தேன், தொட்டேன், "வெறும் இருமல்தான்" என்று தீர்ப்பளித்தேன். தெர்மாமீட்டர் பேட்டரி தீர்ந்து அலமாரியில் கிடந்தது.

அண்ணி, "எதுக்கும் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமே" என்றார்.

"டாக்டரே சொல்லிட்டாரு, பேசாம இரு" என்றார் அண்ணன். என் டாக்டர் பட்டத்தை வைத்து ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

மேகமும் அதற்குப் பின்னாலிருந்து வரும் கதிர்வீச்சும் ஒரே சூட்டில் இருந்தால் கோடு விழாது. மேகம் அங்கேயேதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. வருடா வருடம் மாணவர்களுக்கு இதைப் பலகையில் எழுதிப் போடுகிறேன். தேத்தண்ணீர்ச் சூட்டில் காய்ந்த கை, காய்ச்சலில் காய்ந்த நெற்றி. மூன்று பேர் தொட்டும் கோடு விழவில்லை.

மறுநாள் அண்ணனுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் தாதி தொட்டவுடனே கையை இழுத்துக்கொண்டார். "இவ்ளோ காய்ச்சலோடயா வீட்ல வச்சிருந்தீங்க?" நுரையீரல் முழுக்கச் சளி. அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

லயத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். யாரோ என் கையில் தேத்தண்ணீர்க் கோப்பையைத் திணித்தார்கள். அதை அப்படியே வைத்துவிட்டு, வெளிக் குழாயில் கையை வெகுநேரம் கழுவினேன். இந்த முறையாவது சரியாக அளந்துவிட வேண்டும் என்று ஒரு கிறுக்கு.

மலைத் தண்ணீர், விரல் விறைத்துவிட்டது. உள்ளே வந்து அண்ணன் நெற்றியைத் தொட்டேன்.

எந்த வித்தியாசமும் தெரியவில்லை.