இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரு காலைப் பலகாரம்

என் மருமகன் பாண்டீஸ்வரன் மூணாறுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கிறான். ஆள் குள்ளம். சிரித்தால் கண் இருக்கிற இடம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் மகள் ஆர்த்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தால் கண் இருக்கிற இடம் தெரியாது. பேத்தி அவன் சாயல் என்பதற்காக நான் அவனை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு ஆறு வயதாக இருந்ததிலிருந்தே எனக்கு அவனைத் தெரியும்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் லயத்துக்கு லயம் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்தான் அப்போது. ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய இருபத்து நான்கு வீடு சேர்ந்தது எங்கள் லயம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு முதல் குடம் பிடிக்கிற முறை வரும். பாண்டீஸ்வரனின் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சித்தப்பா வீட்டில்தான் இருந்தான். அவர் பேக்டரியில் ராத்திரி வேலை. காலையில் அடுப்பு மூட்ட ஆள் கிடையாது. அப்போதுதான் பத்தாம் வீட்டுக் கோமதி குழாயடியில் வைத்துச் சொன்னாள்: "இன்னிக்குக் குழாய் முறை யாருக்கோ, அவங்க வீட்டுல பயலுக்குக் காலச்சாப்பாடு. தண்ணிக்கு முறை இருக்குல்ல? இதுக்கும் இருக்கட்டும்."

யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. அடுத்த நாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாயடிக்கு வருவான். யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்கள் பின்னாலேயே போவான். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அப்படியே நடந்தது. எங்கள் வீட்டு முறை வந்தால் மட்டும் இரண்டு தோசை கூடத் தின்பான். அது என் மனைவி ராமுத்தாயின் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன். ஆர்த்தியைக் கேட்டு வந்தபோதுதான் காரணம் விளங்கியது.

பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, ஆர்த்தியையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போற அன்னிக்கு லயம் முழுக்க நான் காலச்சாப்பாடு போடணும்."

"விருந்தா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டுருவோம் மாப்ள. கெடா வாங்கலாம்."

"விருந்து இல்ல மாமா. காலச்சாப்பாடு. வேலை நாள்ல, அவங்க மஸ்டருக்குப் போறதுக்கு முன்னால. எனக்கு அவங்க அப்படித்தானே போட்டாங்க."

மஸ்டர் என்றால் காலை ஏழரைக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். ஒரு நிமிடம் பிந்தினால் சூப்பர்வைசர் முகம் மாறும். எழுபது பேருக்கு ஏழு மணிக்குள் இட்லி அவிக்க எங்கள் வீட்டு அடுப்பால் ஆகுமா? அதற்கு அவன் வழி வைத்திருந்தான். ரிசார்ட்டில் கூட்டம் நிறைந்தால் அவன் செய்கிற பலகாரம். ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து, வதக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கேரட், மிளகுத்தூள் எல்லாம் போட்டு மேலே ஊற்றி, முதல் நாள் சாயந்தரமே ஊற வைத்துவிடுவான். காலையில் அப்படியே அடுப்புக்குள் தள்ள வேண்டியதுதான். மேலே முறுகலாகவும் உள்ளே பஞ்சு மாதிரியும் வரும். அடுக்கு ரொட்டி என்று அவனே பேர் வைத்திருந்தான்.

அடுப்புக்கு பஜார் பேக்கரி சூசையப்பனைப் பிடித்தோம். சூசையப்பனிடம் விறகு போட்டு எரிக்கிற பெரிய செங்கல் அடுப்பு உண்டு. போர்மா என்போம். விடியற்காலை ரொட்டி எடுத்த பிறகும் அதில் இரண்டு மூன்று மணி நேரம் சூடு நிற்கும்.

"சூடு சும்மாதானே போவுது, வச்சுக்கோ. எனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிரு" என்றான் சூசையப்பன்.

நாள் குறித்தது ராமுத்தாய். ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி கடைசி, மாசக் கடைசியில் பிள்ளையை அனுப்பக் கூடாது. மறுநாள் கார்த்திகை ஒன்று, மாசப் பிறப்பு, நல்ல நாள். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் ஜீப் கிளம்பிவிட வேண்டும். மஸ்டரும் ஏழரை. எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது என்று நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து வீட்டில் ஒரே வெங்காய வாடை. பாண்டீஸ்வரன் முட்டையை ஒற்றைக் கையால் உடைக்கிற வேகத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். அவள் என் சுண்டு விரலைப் பிடித்தால் விடமாட்டாள். அதனால் வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை. நாலு மணிக்கு ஏழு தட்டு நிறைந்து மூடி வைத்தாகிவிட்டது. எங்கள் ஊர்க் குளிருக்கு பிரிட்ஜ் தேவையில்லை. பின்னறையே போதும்.

அப்போது கோமதி பிள்ளையைப் பார்க்க வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அடுக்கியிருந்த முட்டை ஓட்டைப் பார்த்தாள்.

"ஏலே பாண்டி, என்னல இது? நாளைக்கா?"

"ஆமா அத்தை. மஸ்டருக்கு முன்னால. நீங்கதான் மொத ஆளு."

"நாளைக்குக் கார்த்திகை ஒண்ணுல்லாடா! மாலை போடுற நாளு. முட்டைய எப்படித் திங்க?"

மாசக் கடைசியை ஒதுக்கத் தெரிந்த எங்களுக்கு, மாசப் பிறப்பன்று லயமே மாலை போடும் என்பது மறந்துவிட்டது. வருஷா வருஷம் நடக்கிற காரியம்! ராமுத்தாய் என்னைப் பார்த்தாள். நான் பேத்தியைப் பார்த்தேன்.

"எத்தனை பேரு அத்தை?" என்று கேட்டான் பாண்டீஸ்வரன்.

கோமதி விரல் விட்டு எண்ணினாள். பதினோரு வீட்டில் இருபத்திரண்டு பேர். அவளும் உண்டு. ஐம்பது வயது தாண்டியதிலிருந்து அவளும் மலைக்குப் போகிறாள். விரதத்தில் ரொம்பக் கண்டிப்பு. குளிக்காத கை தொட்டதை வாயில் வைக்கமாட்டாள். மாலை போடாதவர்கள் சமைத்ததையும் தொடமாட்டாள்.

"மனசு கஷ்டப்படாதல. மத்தவங்க சாப்பிடட்டும். நான் மலைக்குப் போயிட்டு வந்து ஒருநாள் உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுதேன்" என்று அவன் தலையைத் தட்டிவிட்டுப் போனாள். விடியற்காலை மூணாறுக் கோயிலுக்கு ஜீப்பில் போய் மாலை போட்டு, ஏழு மணிக்குத் திரும்புவாளாம்.

அவன் படியில் போய் உட்கார்ந்தான். தேதியை மாற்றலாமா என்று கேட்டேன். "ஊற வச்சது நாளைக்கு மறுநாள் நிக்காது மாமா" என்றான். அப்புறம், "இருபத்திநாலு வீட்டுல ஒரு வீடு குறைஞ்சாலும் நான் போட்டதா ஆகாது. அதுவும் அத்தை வீடு" என்றான். எழுந்து பஜாருக்குப் போனான்.

ஆறு மணிக்கு ஒரு தார் ஏத்தன் வாழைப்பழம், தேங்காய், புதுத் தட்டு மூன்று, வாழை இலைக் கட்டு, இன்னும் கொஞ்சம் ரொட்டியோடு வந்தான். முட்டைப் பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே தள்ளினான். வீட்டைக் கழுவச் சொல்லிவிட்டுக் குளித்து வந்தான். பழத்தைப் பிசைந்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்த்து, முட்டைக்குப் பதில் பிடித்துக்கொள்ள வறுத்த ரவை போட்டு, உடும்பஞ்சோலையில் இருக்கிற என் தங்கை கொடுத்தனுப்பிய ஏலக்காயைத் தட்டிப் போட்டான். தட்டில் இலை விரித்து ரொட்டியை அடுக்கி ஊற்றி வைத்தான்.

"பலகாரம் சரி மாப்ள. கோமதி சாப்பிடுமா? செஞ்ச கைய கேக்குமே" என்றேன்.

அவன் மூன்று தட்டையும் இலை போட்டு மூடினான்.

விடியற்காலை நாலரைக்கு நானும் சூசையப்பனும் தட்டுகளோடு போர்மா முன்னால் நின்றோம். ரொட்டி எல்லாம் வெளியே வந்துவிட்டது. பாண்டீஸ்வரனைக் காணோம். ஐந்து மணிக்கு ஈரத் தலையோடு வந்தான். கறுப்பு வேட்டி, வெறும் கால், கழுத்தில் துளசி மாலை. லயத்துக் கோயிலில் குருசாமி கையால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல வேண்டினேன் மாமா, பிள்ள நல்லபடியா பொறந்தா மலைக்கு வாரேன்னு. மார்கழியில போடலாம்னு தள்ளி வச்சிருந்தேன். இன்னிக்கே போட்டா என்ன?"

"ரிசார்ட்டுல முட்டை தொடணுமேடா!"

"காய்கறிப் பக்கம் மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க. ஆனா மாமா, இந்த ஏழு தட்டு... நான் தொட முடியாது. நீங்கதான் சுடணும்."

"நானா?" என்றேன். முப்பத்தொரு வருஷம் தேயிலை பேக்டரி டிரையரில் நின்றவன்தான். இலைக்குச் சூடு பார்த்திருக்கிறேன். முட்டைக்குப் பார்த்ததில்லை. சூசையப்பன் சிரித்தான்.

"பயப்படாத பெரியமுத்து. ஐயப்ப சாமி பலகாரம் சூசையப்பன் அடுப்புல வேகுது. இதுக்கு மேல என்ன துணை வேணும் உனக்கு?"

பழத் தட்டு மூன்றும் முதலில் உள்ளே போயின. ரொட்டியைத் தவிர வேறெதுவும் வேகாத சுத்தமான அடுப்பு. பாண்டீஸ்வரன் அவனே தள்ளினான், அவனே எடுத்தான். இலை ஓரம் கருகி, வெல்லம் பொங்கி, வாசம் பஜார் முழுக்கப் போனது. அதைத் தனி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் போய்விட்டான். அப்புறம் எங்கள் முறை. சூசையப்பன் ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசி அது சிவக்கிற நேரத்தை எண்ணினான். நான் புறங்கையை அடுப்பு வாயில் காட்டினேன். "சூடு பத்தல" என்றேன். "போதும்" என்றான். "பத்தாதுடா, நான் டிரையர்காரன்." "இது தேயிலை இல்ல, ரொட்டி." கடைசியில் இரண்டு விறகு போட்டோம். ஒரு தட்டு அடி பிடித்தது. அது என் விறகு. ஆறு தட்டு பொன் மாதிரி வந்தது. அதுவும் என் விறகுதான்.

ஆறரைக்கு எங்கள் வாசலில் கூட்டம். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே நின்று தின்றார்கள். இந்தப் பக்கம் முட்டை, அந்தப் பக்கம் பழம். "பாண்டி, இது வெள்ளக்காரன் திங்கறதாமே! அவனுக்குக் காரம் ஆகுமா?" "ரெண்டாவது துண்டு கேட்டா ரிசார்ட்டுல பில்லு போடுவியா?" என்று கேலி. மாலைக்காரர்கள் அவனைப் பார்த்ததும் கும்பிட்டு, "சாமி சரணம்" சொல்லிவிட்டு வாங்கினார்கள்.

ராமுத்தாய்க்கு மட்டும் முகம் சரியில்லை. "மூணு மாசம் கழிச்சுப் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போற அன்னிக்கா மாலை போடுவாக?" என்று என் காதில் முணுமுணுத்தாள். ஆர்த்தி அதைக் கேட்டுவிட்டாள். "விடும்மா. நாப்பத்தியொரு நாளைக்கு நானும் பாப்பாவும் கட்டில்ல காலை நீட்டிப் படுப்போம். சாமி தரையில படுக்கட்டும்" என்றாள். அவனுக்கு வெட்கம் வந்து கண் காணாமல் போனது.

ஏழேகாலுக்கு இருபத்து மூன்று வீடு முடிந்தது. அவன் யாரிடமும் கேட்கவில்லை. மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான். பழத் தட்டில் ஓரத் துண்டு ஒன்றை இலையில் எடுத்து மூடி வைத்திருந்தான். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். ராகுகாலம் நெருங்குகிறது என்று ராமுத்தாய் அவசரப்படுத்தினாள். ஆர்த்தி பிள்ளையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏறவில்லை.

அப்போது மேட்டுப் பாதையில் கோமதி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கறுப்புச் சேலை, நெற்றி நிறையச் சந்தனம், முதுகில் கூடை. நேராக மஸ்டருக்குப் போகிற வழி. அவன் இலையோடு ஓடினான். நானும் பின்னால் போனேன்.

"அத்தை, இதுல முட்டை இல்ல."

"அதான் சொன்னேன்லாடா, இன்னொரு நாளைக்கு... யாரு கை வச்சது?"

அவன் இலையை நீட்டினான். அவள் பார்வை அவன் வெறும் காலிலிருந்து மேலே ஏறி வேட்டிக்கு வந்து, கழுத்தில் நின்றது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வயதிலிருந்து "ஏலே" என்பதைத் தவிர அவனை அவள் வேறு மாதிரிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. கூடையை இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க சாமி" என்றாள்.

நின்றபடியே தின்றாள். வாயெல்லாம் வெல்லம். பாதி தின்றுவிட்டு, "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் சாமி" என்றாள். இலையை வழித்து நக்கிவிட்டு, இன்னொரு துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். அதற்குள் மஸ்டர் பக்கமிருந்து சூப்பர்வைசரின் விசில் கேட்டது. கூடையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஏழு இருபத்தெட்டுக்கு ஜீப் கிளம்பியது. என் விரலைப் பேத்தி விட மறுத்ததால் நானும் ரிசார்ட்டில் அவனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் வரைக்கும் ஏறிப் போய்விட்டேன். அடி பிடித்த தட்டு என் மடியில் இருந்தது. போகிற வழியெல்லாம் சுரண்டித் தின்றுகொண்டே போனேன். நன்றாகத்தான் இருந்தது.